மைனஸ் நாற்பது

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
ரெட்டியார்பாளையம், இரண்டாவது மாடி,
கீழே பூட்டிக் கிடக்கும் பேட்டரிக் கடை.
ஐந்தரைக்குத் தூறல் விட்டிருந்தது.
அறையில் நான், ஒரு ஃபிளாஸ்க் காபி,
லியோன் நகரத்து அலுவலகங்களை
ராத்திரியில் கூட்டித் துடைக்கிற
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வருகைப் பதிவு.

அங்கே அப்போது மணி இரண்டு.
இரண்டு ஐம்பத்தொன்பது வரை ஒழுங்காகப் போகும்.
பிறகு மூன்று வராது,
மறுபடி இரண்டு வரும்.
மார்ச்சில் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்தை
அந்த நாடு ஜனங்களிடம் திருப்பித் தரும் ராத்திரி.

எந்த இரண்டேகால் என்று கேட்டால்
எங்கள் மென்பொருளுக்குச் சொல்லத் தெரியாது.
அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.
முதல் இரண்டேகாலுக்கும் அடுத்த இரண்டேகாலுக்கும் நடுவில்
வைத்திக்குப்பத்துப் பக்கம்
ஒரே ஒரு சூரியன்
மேகத்துக்குப் பின்னால் ஏறி முடித்துவிட்டது.

ஆறரை.
முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ்
சொல்லாமல் ரிவர்ஸ் எடுத்த மாதிரி
அடிவயிற்றில் ஒரு இழுப்பு.
திரையில் ஒன்றும் அசையவில்லை.

ஆறு நாற்பதுக்கு முதல் வரி சிவந்தது.
பதினோரு ரோமன் எழுத்துக்கு மேல் இடம் தராத கட்டத்தில்
கடைசி எழுத்து அறுந்து நின்ற பெயர்.
மிச்சத்தை நானே போட்டுப் படித்தேன்:
அடைக்கலமேரி.

ஏழாவது தளம், கழிவறைகள்.
உள்ளே: இரண்டு ஐம்பது.
வெளியே: இரண்டு பத்து.
உழைத்த நேரம்: மைனஸ் நாற்பது நிமிடம்.

இருபது நிமிடம் குனிந்து தேய்த்திருக்கிறாள்.
கணக்குப்படி, போவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள்,
நாற்பது நிமிட அழுக்கையும்
அங்கே வைத்துவிட்டு.
கூலியில் பிடித்தம் தானாக நடக்கும்.
அரசாங்கம் கொடுத்ததை
வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும் எங்கள் நிரல்.

செப்டம்பரிலேயே சொன்னேன்.
தனசீலன் சார் சிரித்தார்:
வருஷத்துக்கு ஒரு மணி நேரம்,
அதுவும் ஞாயிறு விடியும் முன்னே,
எவன் வேலை பார்க்கப் போகிறான்?
நாம சார், என்றேன்.
கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

இரண்டு முறை வருவது இந்த ஊருக்குப் புதிதா?
புதுச்சேரிக்கு விடுதலையே இரண்டு தரம்,
நவம்பரில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று.
ஆனால் தேதி தனித்தனி, லீவும் தனித்தனி.
ஒருவரும் இதுவரை குழம்பியதில்லை.

தீர்வும் அவ்வளவுதான், ஒரு கூடுதல் கட்டம்.
முதல் தரம் என்றால் பூஜ்யம்,
மறு தரம் என்றால் ஒன்று.
எழுதிக் கொடுத்து நாற்பத்தேழு நாள்,
ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

கையால் திருத்தினேன்.
மைனஸை அழித்தேன், இருபது என்று போட்டேன்.
காரணம்? என்றது திரை.
மறதி. அட்டை தொலைந்தது. உடல்நலமின்மை. மற்றவை.
அவள் எதையும் மறக்கவில்லை,
அட்டை அவள் கழுத்தில்தான் தொங்கும்.
'மற்றவை'யை அழுத்தினேன்.
விளக்கம் கேட்டது.
மணிதான் இரண்டு, ஆள் ஒருத்தி
என்று தமிழில் அடித்தேன்.
சேமித்துக்கொண்டது:
??????? ???????, ??? ???????

அதற்குள் கீழே வரிசையாகச் சிவப்பு.
அமினாத்தா. ஜோர்ஜ். இன்னொரு அமினாத்தா.
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

ஏழரைக்கு என் ஷிஃப்ட் முடிகிறது.
எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் கிடையாது,
தாமதமாக விரல் வைத்தால் மெமோ வரும்.
போய் வைத்தேன்.
இயந்திரம் நன்றி சொல்லி என்னை வெளியே அனுப்பியது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
தெருவில் ரொட்டிக்காரரின் ஹாரன்.
ஆறின காபி.
எட்டரை வரைக்கும்
எந்தப் பதிவேட்டிலும் நான் இல்லை.
இரண்டாவது வரி.
மைனஸ் முப்பத்தைந்து.