எரியுது, எரியல

ஓட்டுகிறவனுக்குத் தன் பிரேக் விளக்கு தெரியாது.
கன்னியக்கோயில் சோதனைச் சாவடியில்
டிக்கியைத் தட்டி பாட்டில் தேடிய காவலர்
ஒன்றும் கிடைக்காத சலிப்பில் சொன்னார்:
"பின்னாடி செத்துப்போச்சு சார்."

எண்பத்தெட்டாம் வருடத்துப் பத்மினி.
லாஸ்பேட்டை நோட்டரி ஒருவரிடம்
முப்பத்தோராயிரத்துக்கு வாங்கியது.
"வயரிங் எல்லாம் கச்சிதம்" என்று அவர்
வாயால்தான் சொன்னார், முத்திரை வைக்கவில்லை.

ஞாயிறு காலை, கடலூர் முதுநகர்.
ஐஸ் பேக்டரி வாசலில் லாரி இல்லை.
டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தேன்,
கால் இரண்டும் தெருவில் கிடந்தன.
வரிசையாகப் பியூஸ்கள்:
பீங்கான் குச்சிகள், முதுகில் மெல்லிய தகடு,
முனைகளில் பச்சை பூத்திருந்தது.
துறைமுகக் காற்றுக்கு இந்தத் தெருவில்
ஜன்னல் கம்பி கட்டுகிறது வாடகை,
சைக்கிள் செயின் கட்டுகிறது,
மிக்ஸியின் திருகாணி கூடக் கட்டுகிறது.
விரலால் ஒவ்வொன்றாக உருட்டினேன்.
மூன்றாவதை உருட்டும்போது
ஆறு மாதமாக வாய் திறக்காத ஹாரன்
ஒருமுறை இருமியது.

ஐந்தாவது மட்டும் பளபளத்தது.
சந்தேகம் அதனால்தான் வந்தது.
பிடுங்கிப் பார்த்தால்
உள்ளே தகடு எப்போதோ உருகியிருக்கிறது,
மேலே சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள்
நாலு சுற்று.
எட்டு ஆம்பியரில் சாக வேண்டியதை
சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள்.
அதன் பங்குக்கு
பின்னால் போன கம்பி கருகி அறுந்து
பக்கத்துக் கம்பியின் தோலோடு ஒட்டிக் கிடந்தது.
நோட்டரி ஐயா,
என் காலுக்கு அரை அடி மேலே
ஒரு தீயை மடித்து வைத்து விற்றீர்கள்.

புதுக் கம்பி சேர்த்தேன். டேப் சுற்றினேன்.
பியூஸைச் செருகிப் பெடலை மிதித்தேன்.
எரிகிறதா?
அதைத்தான் முதல் வரியில் சொன்னேன்.
செங்கல்லைப் பெடல் மேல் வைத்துவிட்டு
பின்னால் ஓடினேன். செங்கல் வழுக்கியது.
மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது.

எதிர்வீட்டு அமலதாஸ்
பல் தேய்த்தபடி வாசலில் நின்றார்.
மாசியில் கால்வாய்த் தண்ணீருக்காக
அவர் என்னைச் சொன்னதும்
நான் அவர் மாமியாரைச் சொன்னதும்
தெருவுக்கே தெரியும். இது ஐப்பசி.
நான் கேட்கவில்லை. சும்மா மிதித்தேன்.
நுரையைத் துப்பிவிட்டு
காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"எரியல."

பல்பைக் கழற்றி அடியைச் சுரண்டி மாட்டினேன்.
"எரியல."
அரைச் சுற்றுத் திருப்பினேன்.
"எரியுது."
கொஞ்சம் பொறுத்து,
எட்டு மாதத்தில் முதல் முழு வாக்கியம்:
"இடது பக்கம் அழுது வடியுது."

அது எர்த் கோளாறு.
போவதற்குத்தான் மின்சாரத்துக்குக் கம்பி.
திரும்பி வர, காரின் உடம்பே போதுமென்று விட்டிருக்கிறார்கள்.
உடம்பு துருப்பிடித்தால்
பக்கத்து விளக்குக்குள் புகுந்து
அந்த வழியாக வீடு போகப் பார்க்கும்.
இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் துடிக்கும்,
இரண்டில் ஒன்றும் உருப்படியாக எரியாது.

டிக்கிக்குள் குப்புறப் படுத்து
உப்பு தின்ற இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன்,
இரும்பு வெள்ளையாகும்வரை.
நிமிர்ந்தபோது பம்பர் மேல்
ஒரு கிரீஸ் டப்பா.
போட் இன்ஜினுக்கு அவர் போடுவது.
கொண்டுவந்து வைத்தவர்
தன் வாசலுக்குத் திரும்பியிருந்தார்.
திருகாணியில் தடவி முடுக்கினேன்.
மிதித்தேன்.
"எரியுது. ரெண்டும்."
உள்ளே போய்விட்டார்.

ராத்திரி வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில்
கால்வாய்த் தண்ணீரில் சிவப்பு விழுந்ததைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
தண்ணீர் இன்னும் அவர் வாசல் பக்கமே தேங்குகிறது.
கிரீஸ் டப்பா முன் சீட்டில் இருக்கிறது.
பாதி மிச்சம்.
எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.