மயிரிழை

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
பிரெஞ்சு அகராதிக்கும் பழைய ஸ்விட்ச் போர்டுக்கும் நடுவே
கிடந்தது ஜப்பான்காரன் அச்சு:
மழை, மரப்பாலம், குடையில்லாத ஒருத்தி.
இருநூறு சொன்னான். நூற்றிருபதுக்குத் தந்தான்.

எனக்கு ஆஃப்செட்டில் பதினெட்டு வருடம்.
கண் முதலில் ரிஜிஸ்டருக்குத்தான் போகும்.
ஆற்றின் இடது கரையில்
நீலம் விலகியிருந்தது, மயிரிழை.

நேற்றுத்தான் வில்லியனூர்க்காரர்
ஐந்நூறு கல்யாணப் பத்திரிகையைத்
திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.
பிள்ளையாரின் சிவப்பு
தும்பிக்கையைத் தாண்டிவிட்டதாம்.

லென்ஸை வைத்தேன்.
நிறத்துக்கொரு பலகை, எண்ணினால் ஒன்பது.
மழைக்குத் தனியாக ஒன்று.
மழை பெய்யாத இடத்தையெல்லாம்
செதுக்கி எறிந்திருக்கிறான்.

திருப்பினேன்.
தாளின் முதுகில் வட்டவட்டமாய்த் தேய்த்த தடம்.
மெஷின் இல்லை, கை.
பாலத்துக்குப் பின்னால் அழுத்தியிருக்கிறது.
அவள் நிற்குமிடத்தில் லேசாக.

ஃபிரேம் கடை அருளப்பன் கேட்டார்,
“விலகின ஓரத்த மவுன்ட்டுல மறச்சிடவா?”
அந்த மயிரிழை வெள்ளையில்தானே
கரை நனைந்திருக்கிறது.
வேண்டாம் என்றேன்.
இரண்டு பக்கமும் கண்ணாடி.
கூடுதலாக முந்நூறு.

வில்லியனூர்க்காரருக்கு
காலையில் மறுபடி அடிக்க வேண்டும்.