தேனீக்கள் எந்த வட்டில்?

எஸ்டோனியாவின் தெற்கே, வோரு நகர நூலகம்.
டிசம்பர். மூன்றரை மணிக்கே விளக்கைப் போட்டாயிற்று.
மைமு தன் மடிக்கணினியைத் திறந்தாள்,
மூடியில் மெழுகு அப்பியிருந்தது.
நான் அவள் முதுகுக்குப் பின்னால்.
விதி ஒன்றுதான்:
அவள் தடுமாறுவதைக் குறித்துக்கொள்ளலாம்,
வாய் திறக்கக் கூடாது.

லினக்ஸ் நிறுவி. இரண்டு வருடம் நான் எழுதியது.
முதல் திரையில் மலை, பனி, மெல்ல நகரும் மேகம்.
மேகத்துக்கு மட்டும் ஒரு மாதம்.
அவள் அதைப் பார்க்கவேயில்லை.

மொழி கேட்டது, சொன்னாள்.
ஊர் கேட்டது. வரைபடத்தில் வோரு இல்லை.
தாலின் என்று அழுத்திவிட்டு
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தாள்.

பிறகு அந்தக் கேள்வி:
எஸ்டிஏ-வா, எஸ்டிபி-யா?

"இதில் என் தேனீக்கள் எது?"
திரையைத்தான் கேட்டாள்.

பதினொரு வருடம். நாற்பது பெட்டி.
ஞாயிறுதோறும் எடை,
எந்த ராணி எந்த மழையில் செத்தது என்பது வரை.
அம்புக்குறி 'அழி' மேல் போய் நின்றது,
விலகியது,
மறுபடி போய் நின்றது.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பேச வேண்டியது அந்தத் திரை.
பேச நான் அதற்குச் சொல்லித்தரவில்லை.

வேண்டாம் என்று வெளியே வந்தாள்.
ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன்:
கடைசிப் பொத்தான் வரை
அது எதையும் தொடாது.
பழைய விண்டோஸ் அப்படியே எழுந்தது.
தேனீக்களைப் பென்டிரைவில் ஏற்றிக்
கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானிட்டு,
காபி குடித்துவிட்டு,
மறுபடி ஆரம்பித்தாள்.

தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நின்றது.
ஒரு நிமிடம். நான்கு. ஒன்பது.
என்ன செய்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.
மைமு விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள்,
குனிந்து விசைப்பலகைமேல் காதை வைத்தாள்.
பனிக்காலத்தில் பெட்டிகளுக்கும் அப்படித்தானாம்,
திறந்தால் குளிரில் செத்துவிடும்,
தட்டினால் ரீங்காரம் வர வேண்டும்.
உள்ளே விசிறி முனகிக்கொண்டிருந்தது.
"உயிரோடுதான் இருக்கிறது" என்றாள்.
அதை நான் குறித்துக்கொள்ளவில்லை,
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

முடிந்தது. கடவுச்சொல் கேட்டது.
அடித்தாள், தவறு என்றது.
அடித்தாள், தவறு.
அவள் சொல்லில் தலையில் அலை போட்ட ஓர் ஓ இருந்தது.
நிறுவும்போது எஸ்டோனிய விசைப்பலகை,
வாசலில் ஆங்கில விசைப்பலகை.
சொந்த வீட்டுக்குள் விடவில்லை அவளை,
அவள் வைத்த பூட்டே.

அங்கே விதியை மீறி வாய் திறந்தேன்.

தார்த்து போகும் கடைசிப் பேருந்தில்
மடியில் வைத்து எழுதினேன்:
'இந்த வட்டில் உங்கள் கோப்புகள் பதினோராயிரம்.
கடைசியாகத் திறந்தது, தேன் எடை, ஞாயிறு.'
அலை போட்ட ஓவை அடித்துப் பார்க்க ஒரு கட்டம்.
வரைபடத்தில் வோரு.
பிறகு, மேகத்தைத் தேர்ந்து
நீக்கு என்றேன்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது.
எதை என்று சொல்லவில்லை.