நனையாத ஐந்து நாள்

ஏழே அறைகள். ஒரு படகுத்துறை.
லெம்பே நீரிணையின் இந்தப் பக்கம்
மணல் கறுப்பு,
அடுப்புக்கரியை இடித்துக் கொட்டியதுபோல.

இரண்டாவது முங்கலிலேயே
வலக்காது அடைத்துக்கொண்டது.
பித்துங் நகரத்து மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து
ஐந்து விரலை விரித்தார்.
ஐந்து நாள் தலை நனையக் கூடாது.
இத்தனை கடல் தாண்டி வந்தவனுக்கு
வாளித் தண்ணீர், அதுவும் கழுத்துவரை.

காலை ஏழரைக்குப் படகு போய்விடும்.
காற்றடைக்கும் எந்திரமும் ஓய்ந்தபின்
கொடியில் என் ரப்பர் உடுப்பு மட்டும்
முழங்கால் மடங்கித் தொங்கும்.
அது காய்ந்து மூன்று நாளாகிறது.

டெய்ச்சே வாழைக்காய் பொரித்துக் கொண்டுவருவார்,
புகைமீன் இடித்த மிளகாய்த் துவையலோடு.
ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்
மேசையைச் சுற்றிவந்து
என் இடக்காதுப் பக்கம் நின்று சொல்வார்.
இருபது வருஷமாக இங்கே சமையல்.
கீழே என்ன இருக்கிறதென்று
ஒருநாளும் பார்த்ததில்லையாம்.
"போகிறார்கள். பசியோடு திரும்பி வருகிறார்கள்.
எனக்கு அது தெரிந்தால் போதும்."

இரவுச் சாப்பாட்டில்
மில்லிமீட்டர் கணக்கில்தான் பேச்சு.
ஷூர்ட், ரோட்டர்டாம் துறைமுகத்தில்
ஆயுள் முழுக்க கிரேன் ஓட்டியவர்,
கப்பல் கப்பலாகப் பெட்டி இறக்கியவர்,
அரிசிமணி அளவு கடல்நத்தை ஒன்றின் முன்
எழுபது நிமிடம்
மூச்சைச் சில்லறைபோல் எண்ணிச் செலவழித்திருக்கிறார்.
சொல்லும்போதும்
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
எதையோ நசுக்கிவிடாமல் பிடித்திருக்கின்றன.

வழிகாட்டி நோவ்லி கரையில் பேசமாட்டான்.
நான்காம் இரவு, கதவைத் தட்டி
தண்ணீருக்கடியில் எழுதும் பலகையைக் கொடுத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனான்.
அழிக்காத பலகை.

தேங்காய் ஓட்டுக்குள் ஓர் ஆக்டோபஸ்,
எட்டில் ஆறு கை மட்டும் வரைந்திருந்தது.
அம்புக்குறி. 22 மீட்டர்.
யாருடைய காற்றோ: 90.
ஓரமாக, எனக்கென்று எழுதாத ஒன்று:
ஏன் நடுங்குகிறீர்கள்? குளிரா?
கீழே வேறு கையெழுத்தில், கோணலாக:
இல்லை. சிரிக்கிறேன்.

அடைத்த காதில்
அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று
வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

காலையில் நோவ்லி வந்து
ஒரு பிடிக் கறுப்பு மணல் போட்டு
வெள்ளையாகும்வரை பலகையைத் தேய்த்தான்.
பிறகு சுற்றிவந்து
என் இடப்பக்கம் நின்று கேட்டான்:

"நாளைக்கு உங்களுக்கு ஈயம்
நாலு கிலோவா, ஐந்தா?"