ஐப்பசியில் ஒன்பது மணி நேரம்

எட்டு மணிக்குக் கப்பல் கரை பிடிக்கும்.
ஐந்துக்குள் ஏணி ஏறிவிட வேண்டும்.
டோல்கேட் ரசீதின் பின்பக்கம்
எழுதிக் கூட்டிப் பார்க்கிறேன்:
வல்லநாடு முப்பத்தைந்து நிமிஷம்,
மான் நின்றால் நாற்பது.
பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட நெரிசல்,
அதை எந்தக் கணக்கிலும் அடைக்க முடியாது.
சேரன்மாதேவி தாண்டி ரயில்வே கேட்.
செங்கோட்டை வண்டிக்கு மூடினால்
கேட்டடியில் சுக்குக்காப்பி என்று அதையும்
பார்க்க வேண்டிய இடமாக்கிவிடலாம்.

மணிமுத்தாறு அருவிக்குத் தடை போட்டாலும் போடுவார்கள்,
மேலே மழை.
அணைக்கரையில் நின்று மலையைக் காட்டுவேன்,
மேகம் விலகினால்.

ஜெபசிங் போனில் சொன்னான்:
"வயசான ரெண்டு பேரு, வே.
இலை சிவக்கிற பருவமாம் அவங்க ஊர்ல.
இங்க எங்கன்னு கேக்காங்க."

எங்கே சிவக்கிறது?
ஐப்பசியில் இங்கே எல்லாம் பச்சைக்குத்தான் திரும்பும்.
பிசானத்துக்குத் தொளியடித்த வயல், நாற்றங்கால்,
குளத்துக்குள் நிற்கும் உடைமரம்கூட.
சிவப்பு வேண்டுமென்றால் ஆறுதான்,
முதல் வெள்ளம் மண் கரைத்து வரும்போது.
அப்போது பாலத்தில் வண்டி நிறுத்தப் போலீஸ் விடாது.

டீசல் போட்டுத் திரும்புகையில் பார்த்தேன்:
துறைமுக வாசல், எடைமேடை ஓரம்,
நிலக்கரித் தூசி படிந்த வாதமரம்.
ஏழெட்டு இலை, ரத்தச் சிவப்பு.
ஒன்று என் பானெட்டில் விழுந்தது.

காலையில் காட்ட மாட்டேன்.
காட்டினால் இருநூறு கிலோமீட்டர் எதற்கு?
சாயங்காலம், நாலே முக்காலுக்கு,
ஏணிக்கு முன்னால்.
அதுவரை காற்று சும்மா இருக்கணும்.
ரசீதில் அதற்கு இடமில்லை.