ரெண்டு சுழி பனி

பயிற்சித்தாளில் ஒரு பனிமனிதர்.
மூன்று உருண்டை, ஒரு தொப்பி, கழுத்தில் துண்டு.
'மூக்கை ஒட்டுக. பொருத்தமான சொல்லை எழுதுக.'
நரசிங்கத்து இரண்டாம் வகுப்பில்
இருபத்து மூன்று தலைகள்
அவர்மேல் கவிழ்ந்திருக்கின்றன.

"டீச்சர், இவரு ஏன் சட்டை போடல?"
இது யோகபாண்டி.
"குளிருக்குத் துண்டு மட்டும் போட்டா பத்துமா?"
இது ஜெசிமா.
கேரட் மூக்கைப் பார்த்த யாரோ
பசிக்குது என்றார்கள்.
சத்துணவு மணிக்கு இன்னும்
முழுசாக மூன்று மணி நேரம்.

தாள்களைத் திரும்ப வாங்கி
அலமாரியில் வைத்துவிட்டேன்.
பின்பக்கம் வெள்ளைதானே, கணக்குக்கு ஆகும்.

"காலையில எந்திரிச்சதும் என்ன பாத்தீங்க?
ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதுங்க."

பென்சில் சீவுவதிலேயே ஐந்து நிமிடம் போனது.
பிறகு ஒவ்வொன்றாக வந்தன:

'தம்பி வாயில் புகை வந்தது. பீடி இல்லை.'
'குழாய்த் தண்ணி கடித்தது.'
'கோயில் மைக் எனக்கு முன்னாடி எழுந்தது.'
'பால் டம்ளரை விடவே இல்லை. பால் தீந்துருச்சு.'

மதிவதனி எழுதவில்லை, வரைந்தாள்.
வெள்ளைத் தாளில் வெள்ளை கிரேயான்.
பெட்டியில் யாருமே தொடாமல்
முனை மழுங்காமல் கிடந்த அதே கிரேயான்.
"பாருங்க டீச்சர், எங்க தெரு."
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
மெழுகு மினுங்கியது.
ஒரு வீடும், ஒரு மின்கம்பமும் இருந்தன என்று
சத்தியம்கூடச் செய்வேன்.

பெரியகருப்பு வாசிக்கிற நேரமெல்லாம்
பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுகிறவன்.
இன்று நோட்டை நீட்டினான்:
'யானமல இன்னைக்கு லீவு.'

இருபத்து மூன்று பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.
நானும்தான்.
தினமும் படுத்தே கிடக்கும் அத்தனை பெரிய கல்
இருந்த இடத்தில்
பால் சிந்தினது போல ஒரு வெளுப்பு.
துதிக்கை இல்லை, முதுகு இல்லை.
பக்கத்துத் தென்னைகூடப் பாதிதான்.

வருகைப் பதிவேட்டில் அதற்கு வரிசை எண் கிடையாது.
கரும்பலகையில் எழுதினேன்:
'வந்தோர் இருபத்து மூன்று.
வராதோர் யானை.'

வாசிக்கச் சொன்னேன்.
பெரியகருப்பு எழுந்து நின்று
விரல் வைக்காமல்,
எழுத்துக் கூட்டாமல்,
தண்டோரா போடுகிறவன் போல வாசித்தான்.

கடைசி நோட்டு அங்கயற்செல்வியுடையது.
'அம்மா பணியில் பூ பறிக்குது.'

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.
நேற்றுத்தான் சொல்லிக்கொடுத்தது:
ரெண்டு சுழி போட்டால் குளிரும்,
மூணு சுழி போட்டால் வேலை.

அவள் அம்மா நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
மூன்று மணிக்கே மல்லிகைக் கொல்லையில் இறங்குகிறவர்.
மொட்டு சிறுத்துப்போகிற மாதம் இது.
சந்தையில் விலை ஏறும்.
எடைக்குத்தான் கூலி, அது இறங்கும்.
பாவாடைக் கரை முழங்கால்வரை நனைந்து
ஏழு மணிக்கு வந்து இவளுக்குத் தலை பின்னுவார்.
அப்போது விரல் எப்படி இருக்குமென்று
இந்தப் பிள்ளையின் காதுமடலுக்குத் தெரியும்.

"ரெண்டுல எதைப் போடணும் டீச்சர்?"
என்று கேட்டாள்.
ஒரு சுழியைக் குறைத்தால்
வேலை போய்விடும்.
விட்டுவைத்தால் குளிர் போய்விடும்.
பயிற்சித்தாள் கட்டின் கடைசிப் பக்கத்தில்
விடைகள் எல்லாம் இருக்கின்றன.
இது இல்லை.
பேனாவை மூடினேன்.

"வந்துருச்சு! வந்துருச்சு!"
முதலில் முதுகு, பிறகு மத்தகம்,
ஈரம் மினுங்க யானை வெயிலுக்கு வந்தது.
எங்கள் ஊர்க் குளிருக்குப் பத்து மணிவரைதான் ஆயுசு.

பெரியகருப்பு யாரையும் கேட்காமல் பலகைக்குப் போய்
'வராதோர்' என்பதை உள்ளங்கையால் அழித்து
அந்த இடத்தில் 'லெட்டு' என்று எழுதினான்.
லேட்டைத்தான் சொல்கிறான்.
ஒற்றைக் கொம்பு போட்டிருந்தான்.
யானைக்கு இரட்டைக் கொம்பு வேண்டும் அல்லவா,
அதை மட்டும் திருத்தினேன்.