திகதி பின்னர்

ஹட்டனில் அடித்து வந்த அழைப்பிதழ் இருநூறு.
கொடுத்தது பதினொன்று.
மிச்சம் கட்டிலுக்கடியில்
அச்சகத்து நாடா அவிழாமல்.

ஊரடங்கு என்று ரேடியோ சொன்ன மறுநாளும்
எங்களுக்குப் பெரட்டு இருந்தது.
கொழுந்துக்குச் சட்டம் தெரியாது என்றார் கங்காணி.
முகக்கவசத்துக்குள் மூச்சு வியர்க்க
பதினெட்டுக் கிலோ.
நின்றது கல்யாணம் மட்டும்தான்.

விஜேந்திரன் வத்தளையில்.
பேக்கரிக்கு மேலே ஓர் அறை, ஐந்து பேர், ஒரு ஜன்னல்.
முறை வைத்து ஜன்னலோரம் உட்காருகிறார்களாம்.
மே பத்து அவன் பிறந்தநாள்.
கடை திறக்கவில்லை, தபால் ஓடவில்லை.
என்னிடம் இருப்பது
நூற்றெண்பத்தொன்பது அழைப்பிதழ்.

முதலில் திகதியை மட்டும் வெட்டி எடுத்தேன்.
சித்திரை இருபத்தாறு, ஞாயிறு.
பொன்னிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகள்,
பால்மா டின்னில் போட்டு மூடினேன்.
பிறகு பெட்டிக்கு அளந்து வெட்டியபோது
கத்தரிக்கோல் என் பெயருக்குள் புகுந்தது.
ஒரு பக்கம் சாந்த, மறு பக்கம் ரூபி.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.
அபசகுனம் என்று சொல்ல வாயெடுத்தவள்
பசை காய்ச்ச ஒரு கரண்டி கோதுமை மா தந்தாள்,
தலை தட்டிய கரண்டி.
அன்றிரவு ரொட்டி ஒன்று குறைந்தது.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டி நிற்கவில்லை.
ஒரு மூலை வாயைப் பிளந்தது.
பனடோல் அட்டையை உள்ளே கொடுத்து முட்டு வைத்தேன்.
பீட்ரூட் தோலை அவித்துப் பூசினேன்;
காய்ந்ததும் ஆறுகிற காயத்தின் நிறம்.
மூடிமேல் ஒரு பூ,
டின்னிலிருந்து ஒரு துண்டைச் சுருட்டி அதன் நடுவில்.
பூ என்று நான்தான் சொல்லவேண்டும்.

தொங்கல் காம்பரா மரியகொரற்றி எட்டிப் பார்த்தாள்.
"எனக்கும் ஒன்னு செய். மக குவைத்துல.
போவாது, தெரியும். போட்டோ புடிச்சி அனுப்பு."
"என்ன எழுத?"
அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.
"சாப்டியான்னு எழுது."

அடுத்த கிழமை ஏழு பேர்.
ஆறு வருஷம் பேசாத செல்லமுத்துவும் வந்தான்,
அண்ணனுக்கு ஓர் அட்டை வேண்டுமாம்.
நடுவில் இருப்பது ஒரு சுவர்.
கொண்டுபோய்க் கொடுக்கவும் என்னையே அனுப்பினான்.
ஒரு மீற்றர் தள்ளி நின்று நீட்டினேன்.
அண்ணன் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.
அவ்வளவுதான்.

பாஸ் உள்ள வண்டி சுமணசிறியின் மரக்கறி லொறி ஒன்றே.
பெட்டிக்குள் சம்பளத்தூளில் ஒரு பிடி,
நாலு இஞ்சித் துண்டு, ஓர் அட்டை.
அட்டையில் ஒரே வரி:
திகதி பின்னர் அறிவிக்கப்படும்.
லீக்ஸ் கட்டுகளுக்கிடையில் சொருகப்போனவர்
இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.
கல்யாணம் என்று சொல்லிவிட்டேன்,
வாயில் வந்தது அதுதான்.
சிரித்தார்.
முன் சீட்டுக்கு மாற்றினார்.

மூன்றாம் நாள் இரவு
சிக்னலுக்காகக் கோயில் படியேறி நின்றேன்.
"பெட்டிக்குள்ள லீக்ஸ் வாடை" என்றான்.
அப்படியானால் கொஞ்ச தூரமாவது
பின்னால்தான் போயிருக்கிறது.
"கோவிக்காத, பிரிச்சிட்டேன்.
தரையில பரப்பி அஞ்சு பேரும் உக்காந்து பொருத்துனோம்.
ஒன் பேரு சேந்துருச்சி.
அப்பா பேருல 'ளி' காணோம்,
காமுத்து ஆயிட்டாரு.
எல்லாம் இருக்கு, தேதியத்தான் காணோம்.
இன்னும் தேடுறானுக."

"பூவப் பிரிச்சியா?"

"எது பூ?"

மழை இறங்கியது.
போனை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு
வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினேன்.
காலை ஆறரைக்குப் பெரட்டு.